மாங்காயை வெட்டாமல் உள்பழுதைக் கண்டுபிடிப்பது: களத்தில் செய்து பார்த்த முழு வழிகாட்டி

வேதாரண்யம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும் நீலம், ஒட்டு, ருமானிக் காய்களைத் தரம் பிரிக்கும் கொட்டகைகளில் ஒவ்வொரு சீசனிலும் ஒரே பேச்சுதான். தோலில் ஒரு கீறல் இல்லை, காம்பு பச்சையாக இருக்கிறது, வாங்கியவர் வீட்டில் அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து வண்டு வருகிறது. பெட்டி திரும்பி வந்தால் நட்டம் விவசாயிக்குத்தான்.

வெட்டாமல் உள்ளே பார்க்கச் சில வழிகள் இருக்கின்றன. வாளியும் தராசும் போதுமான வழியும் உண்டு, ஆய்வகத்துக்குப் போகவேண்டிய வழியும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கருவியில் தடுமாறுவதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். வெட்டாமல் பார்க்கும் வேலை கத்தியில் தொடங்கி கத்தியில்தான் முடிகிறது. நடுவில் வருவதுதான் தண்ணீரும் ஒலியும் ஒளியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தப் பழுதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

“உள்ளே கெட்டுப்போயிருக்கிறதா” என்று பொதுவாகக் கேட்டால் எந்தச் சோதனையும் பதில் சொல்லாது. ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு குணத்தைத்தான் அளக்கும். அடர்த்தி, விறைப்பு, ஒளியை விடும் தன்மை, எக்ஸ்ரேயைத் தடுக்கும் தன்மை என்று அது மாறும். உங்கள் பழுது அந்தக் குணத்தை மாற்றினால்தான் சோதனையில் தெரியும்.

மாங்கொட்டை வண்டு: தாய் வண்டு இளம்பிஞ்சின் தோலில் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்து, கொட்டை கெட்டியாவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. பிஞ்சு பெருக்கப் பெருக்க அந்தத் துளை ஆறி மறைந்துவிடும். அதனால்தான் அறுவடையின்போது வெளியே அடையாளமே இருப்பதில்லை. நீலம், பெங்களூரா ரகங்களில் இதன் தொல்லை அதிகம். பழுது கொட்டைக்குள் இருக்கிறது, சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பஞ்சுச் சதை: கொட்டையை ஒட்டிய சதை வெளிறி, காற்றுப் பைகளோடு புளித்துக் கிடக்கும். இது முக்கியமாக அல்போன்சாவின் நோய். உங்களிடம் இருப்பது நீலம் மட்டும் என்றால் இதைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பழ ஈ: முற்றிய காயில் ஊசி குத்தியது போன்ற புள்ளி, பழுக்கும்போது அதைச் சுற்றி மெத்தென்று ஆவது, உள்ளே வெள்ளைப் புழுக்கள். இதற்குக் கண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமே முதல் கருவி.

அடிபட்ட சதை: லாரியில் கொட்டும்போதும் ஏற்றும்போதும் வருவது. தோல் பச்சையாக இருக்கும்வரை மறைந்திருக்கும்.

2. வேண்டிய பொருள்கள்

1 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு, வாய் அகன்ற சிறிய பிளாஸ்டிக் வாளி, தையல் நூல், மெல்லிய எஃகுக் கம்பி, தூள் உப்பு, வெப்பமானி, அழியாத மை பேனா, நோட்டு. ஒலிச் சோதனைக்கு ஒரு கைப்பேசியும் பானை வைக்கும் பிரிமணையும். ஒளிச் சோதனைக்குக் கறுப்புத் துணி போர்த்திய தெர்மாகோல் பெட்டி. வெட்ட ஊறுகாய் மாங்காய் வெட்டும் கனமான கத்தி. சாதாரணக் கத்தி முற்றிய கொட்டையில் வழுக்கும், கையைப் பதம் பார்த்துவிடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருந்தால்கூட அடர்த்தி ஏறக்குறைய 0.0035 கூடிவிடும். நாம் தேடும் வித்தியாசமே 0.01, 0.02 அளவுதான். அதனால் குடிநீர்க் குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

3. முதலில் முப்பது காயை வெட்டுங்கள்

இதைச் சொன்னால் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெட்டாமல் பார்க்கத்தானே வந்தோம் என்பார்கள். ஆனால் அந்தத் தோப்புக் காயில் பழுது எவ்வளவு என்று தெரியாமல் எந்தச் சோதனையையும் தொடங்கக் கூடாது.

ஒரே தோப்பு, ஒரே ரகம், ஒரே நாள் அறுவடை. அதில் பெட்டியின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று கலந்து 30 காய் எடுங்கள். கொட்டையின் விளிம்போரமாக நீளவாக்கில் பிளந்து பருப்பைப் பாருங்கள். பருப்பு வெள்ளையாக முழுதாக இருந்தால் சரி. கறுத்த பொடியும் குடைந்த பள்ளமும் இருந்தால் வண்டு.

30-இல் ஒன்றுகூட இல்லை என்றால் தோப்பு முழுக்கச் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். 30 காயில் பூச்சியம் வந்தாலும், மொத்தக் காயில் நூற்றுக்குப் பத்து வரை பழுது இருக்க இடமுண்டு. 300 காயில் பூச்சியம் வந்தால்தான் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறையும்.

மாறாக 30-இல் பாதிக்கு மேல் வண்டு என்றால், தரம் பிரிக்கும் வேலையே வேண்டாம். சதை நன்றாக இருந்தால் கூழுக்கும் சாறுக்கும் அனுப்புங்கள், கொட்டைகளைச் சேர்த்து அழித்துவிடுங்கள். கொட்டையைக் குப்பையில் வீசினால் வண்டு வெளியே வந்து மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து அடுத்த பூவுக்குத் திரும்பும். பிரிக்கும் வேலைக்குப் பலன் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பஞ்சுச் சதையைத் தேடுகிறீர்கள் என்றால் பச்சைக்காயாக வெட்டிப் பயனில்லை. பழுத்தால்தான் தெளிவாகத் தெரியும். பழுக்கும்வரை வைத்திருந்து வெட்டுங்கள்.

4. காயை ஆறவிட்டு எண் போடுங்கள்

பகலில் பறித்த காய் உள்ளுக்குள் வெயிலை வைத்திருக்கும். பால் வடிய காம்பைக் கீழ்நோக்கி வைத்து, நிழலில் ஓரிரவு விடுங்கள். காலையில் தண்ணீரும் காயும் ஒரே வெப்பத்தில் இருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள். சூடான காயைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீரோடு அழுகல் கிருமியும் போகும். சோதனையே பழுதை உண்டாக்கிவிடும். இரண்டாவது, சூடு கூடினால் காயின் விறைப்பு மாறும், ஒலியும் மாறும். நேற்று மதியம் எடுத்த எண்ணும் இன்று காலை எடுத்த எண்ணும் பேசிக்கொள்ளாது.

அப்புறம், ஒவ்வொரு காயிலும் எண் எழுதுங்கள். காகிதம் ஒட்டினால் தண்ணீரில் கழன்று போகும். தோலை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு மை பேனாவால் எழுதுங்கள்.

5. தண்ணீரில் எடை பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவு இல்லை, தவறும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் காயைத் தராசில் வைத்து எடை எழுதுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய வாளியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காயை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, வாளியின் அடியையோ ஓரத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், காய் விலக்கிய தண்ணீரின் எடை. அதுவே மில்லிலிட்டரில் காயின் பருமன். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

250 கிராம் காய் 245 காட்டினால் அடர்த்தி 1.020. அதே காய் 246 காட்டினால் 1.016. ஒரு கிராம் தவறினால் 0.004 தவறுகிறது, அதனால் ஒவ்வொரு காயையும் மூன்று முறை தொங்கவிட்டுச் சராசரி எடுங்கள். அவசரப்பட்டு ஒரே முறை பார்த்து எழுதிய நோட்டை நான் நம்புவதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

காய் வாளியின் அடியைத் தொடுவது. தொட்ட மாத்திரத்தில் காயின் எடையும் சேர்ந்து ஏறும். மிதக்கும் காயை விரலால் அமுக்குவது. விரல் நுனியே சில மில்லிலிட்டர் தண்ணீரை விலக்கும். மெல்லிய கம்பியால், காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் அமுக்குங்கள். தோலில் ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் துடைக்காமல் விடுவது. காம்புப் பள்ளத்தில் ஒரு பெரிய குமிழ் உட்கார்ந்தால் அரை கிராம் போய்விடும். ஈரக்கையால் காயை ஒருமுறை தடவிவிட்டு இறக்குங்கள்.

இந்தச் சோதனை முற்றாத காயையும், உள்ளே காற்றிடம் உள்ள காயையும் காட்டும். முற்றிய மாங்காய் தண்ணீரில் மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதக்கும் காயெல்லாம் வண்டுக் காய் என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியில்லை. வண்டு தின்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பை மட்டும். மொத்தக் காயில் அது சிறு பங்கு. அதனால் வண்டுக் காயும் முற்றியிருந்தால் மூழ்கத்தான் செய்யும்.

6. நிறையக் காய் இருந்தால் உப்புக் கரைசல்

ஆயிரம் காயை நூலில் கட்ட முடியாது. அதற்கு இரண்டு தொட்டிகள் போதும், ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் 10 லிட்டருக்கு 310 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர். அது சுமார் 3 சதவீதக் கரைசல், அடர்த்தி ஏறக்குறைய 1.02. காய்கள் மூன்று கூட்டமாகப் பிரியும். நல்ல தண்ணீரிலேயே மிதப்பவை, அதில் மூழ்கி உப்பில் மிதப்பவை, இரண்டிலும் மூழ்குபவை. இதைச் செய்தபின் காயை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். தொட்டித் தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள், ஒரு அழுகல் காய் மற்றதையெல்லாம் கெடுக்கும்.

டெல்டாவில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யும் ஒரு தவறு இங்கே உண்டு. விதைநெல் தேர்ந்தெடுக்கும்போது, முட்டை மிதக்கும்வரை உப்புப் போடுவது நமக்குப் பழக்கம். அதே கையோடு மாங்காய்த் தொட்டியிலும் முட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள். புது முட்டையின் அடர்த்தி 1.08-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் கரைசலில் எல்லா மாங்காயும் மிதக்கும். “இந்த வருஷம் தோப்பே போச்சு தம்பி” என்று ஒரு பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். “ஐயா, உப்புதான் ஜாஸ்தி, காய் நல்லாத்தான் இருக்கு” என்று கரைசலைப் புதிதாகக் கலந்து காட்டியபின்தான் எழுந்தார். நெல்லுக்கு முட்டை, மாங்காய்க்குத் தராசு.

உப்பை அளக்கும்போதும் கவனம் வேண்டும். உப்பளத்தில் வாங்கிய கல்லுப்பில் ஈரம் இருக்கும், எடைக்கு எடை உப்பு கிடைக்காது. உலர்ந்த தூள் உப்பே நல்லது.

7. தட்டிக் கேட்பது

தர்பூசணி, பலா, தேங்காய் எல்லாவற்றையும் நாம் தட்டித்தான் வாங்குகிறோம். அந்தக் காதையே எண்ணாக மாற்றலாம். காயைப் பிரிமணையில் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் மேசையின் ஒலியும் சேரும். பின்னால் ரப்பர் வைத்த பென்சிலால் நடுப்பகுதியில் மெதுவாகத் தட்டி, எதிர்ப்பக்கம் இரண்டு விரற்கடை தூரத்தில் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். ஒலியை அலைவெண்களாகப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. அதில் உயர்ந்து நிற்கும் முதல் சிகரத்தின் அலைவெண்ணை எழுதுங்கள். காயைச் சுற்றி நான்கு இடங்களில் தட்டுங்கள்.

அலைவெண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பெரிய காய் இயல்பாகவே தாழ்ந்த ஒலி தரும். அதனால் எடையையும் சேர்த்து விறைப்பு எண் கணக்கிடுகிறார்கள். அலைவெண்ணின் வர்க்கத்தை, எடையின் வர்க்கத்துக்குரிய கனமூலத்தால் பெருக்க வேண்டும். கணக்குப் புரிய ஓர் உதாரணம். 4 கிலோ தர்பூசணி 150 ஹெர்ட்ஸ் தந்தால் எண் ஏறக்குறைய 56,700. 5 கிலோ பழம் 139 ஹெர்ட்ஸ் தந்தால் 56,500. காதுக்கு இரண்டும் வேறு, விறைப்பில் இரண்டும் ஒன்றே. அதே 5 கிலோ பழம் 130 ஹெர்ட்ஸ் தந்தால் எண் 49,400-க்கு இறங்குகிறது. அதைத்தான் தனியே எடுத்து வைக்க வேண்டும், உள்ளே வெடிப்போ கூழோ இருக்கலாம்.

உள்ளே பிளந்த தர்பூசணிக்கு இந்தச் சோதனை நன்றாக உதவும். மாங்காயில் நடுவே தட்டையான கொட்டை இருப்பதால், தட்டும் பக்கத்தைப் பொறுத்து எண் மாறும். எப்போதும் கன்னப் பக்கத்திலேயே, அதாவது கொட்டையின் தட்டை முகத்துக்கு மேலே சதை பருத்த பக்கத்திலேயே தட்டுங்கள். பழுக்கத் தொடங்கியதும் விறைப்பு இறங்கிக்கொண்டே போகும். அதனால் பழுத்ததையும் பச்சையையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், பழுத்ததெல்லாம் பழுதாகத் தெரியும். வண்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

8. ஒளியை உள்ளே அனுப்புவது

தெர்மாகோல் பெட்டியின் மூடியில் காயின் கன்னத்தைவிடச் சிறிய துளை போட்டு, கீழே விளக்கு, மேலே காய். காய் துளையை முழுவதும் அடைக்க வேண்டும். ஓரத்தில் கசியும் ஒளி, சதை வழியாக வரும் ஒளியைவிடப் பல மடங்கு பலமானது. புதியவர்கள் எடுக்கும் படங்களில் பாதி அந்தக் கசிவைத்தான் காட்டும்.

பச்சைத் தோலில் இருக்கும் பச்சையம் 680 நானோமீட்டர் அருகே சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கு மேலே, 700 முதல் 900 வரையுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளி சதைக்குள் நன்றாகப் போகும். வெள்ளை எல்இடியில் அது மிகக் குறைவு, பழைய ஆலசன் விளக்கில் நிறைய உண்டு. ஆனால் ஆலசன் சுடும், சில வினாடிகளுக்கு மேல் வைத்தால் தோல் வெந்துபோகும். கண்காணிப்பு கேமராவுக்கு விற்கும் 850 நானோமீட்டர் விளக்கு இன்னும் நல்லது. அதன் ஒளி கண்ணுக்கு மங்கலாகவே தெரிவதால் கண் தானாக மூடிக்கொள்ளாது, எனவே அருகில் வைத்து உற்றுப் பார்க்காதீர்கள்.

உங்கள் கைப்பேசி இந்த ஒளியைப் பார்க்கிறதா என்று அறிய, டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். திரையில் சிறு வெளிச்சம் தெரிந்தால் பார்க்கிறது. பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் வடிகட்டி இருக்கும், முன்பக்கத்தையும் சோதியுங்கள்.

படத்தில் அடிபட்ட இடமும் நீர்கோத்த இடமும் அருகிலிருக்கும் சதையிலிருந்து மாறித் தெரியும். ஆனால் ஓடு சூழ்ந்த கொட்டைக்குள் இருப்பது தெரியாது. கையடக்க அண்மை அகச்சிவப்புக் கருவியை வண்டு பார்க்க வாங்கிவிட்டு வருந்துகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கருவி தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் சதையைப் படித்து இனிப்பையும் உலர்பொருளையும் (தண்ணீர் போக மிஞ்சுவது) சொல்லும். அதற்கு அது அருமையான கருவி, கொட்டை அதன் எல்லைக்கு வெளியே.

9. வண்டுக்கு எக்ஸ்ரே

கொட்டைக்குள் குடைந்த பள்ளத்தைக் காட்டுவது எக்ஸ்ரேதான். காயைக் கன்னம் கீழே இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். அப்போதுதான் தட்டைக் கொட்டையின் முழு அகலமும் படத்தில் விரியும், கதிர் கடக்கும் சதையும் குறையும். நல்ல பருப்பு ஒரே சீராகத் தெரியும், வண்டு தின்ற இடம் கறுத்த பள்ளமாகத் தெரியும்.

பழத்துக்கு வேண்டியது சுமார் 50 கிலோவோல்ட்டுக்கும் குறைந்த மென் எக்ஸ்ரே. நெஞ்சுப்படம் எடுக்கும் அளவுக்கு வலுவான கதிர் பழத்தைச் சிரமமில்லாமல் கடந்துவிடும், உள்வித்தியாசம் வெளுத்துப் போகும். தெரிந்த ஸ்கேன் சென்டரில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக்கு உட்பட்டவை. நோயாளிகளுக்கென்று வைத்த கருவியில் காயை வைப்பது முறையும் அல்ல. தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனத்தை அணுகி, குழுவாகப் போய்ப் பேசுங்கள். போகும்போது எண் போட்ட காயையும் உங்கள் நோட்டையும் எடுத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஏற்றுமதிக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். அமெரிக்காவுக்கு 2007 முதல் போகும் இந்திய மாம்பழத்துக்குக் குறைந்தது 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு காயாக வண்டைத் தேடாமல், எல்லாக் காயிலும் பூச்சி மேற்கொண்டு பெருகாமல் தடுப்பதே அதன் வேலை.

10. ஒதுக்கியதையும் வெட்டுங்கள், தேறியதையும் வெட்டுங்கள்

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சோதனையில் ஒதுக்கிய காய்களை மட்டும் வெட்டி, பாதியில் பழுதைக் கண்டதும் கைதட்டிவிடுகிறார்கள். தேறிய காய்க்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பெட்டியில் போய்ச் சேர்வதோ அந்தக் காய்தான்.

50 காய் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் முடிவை முன்கூட்டியே நோட்டில் எழுதி மூடிவையுங்கள். வெட்டுகிறவர் அந்த நோட்டைப் பார்க்கக் கூடாது. ‘இது வண்டு’ என்று தெரிந்து வெட்டும் கை, சந்தேகமான கறையைக்கூட வண்டு என்று எண்ணும். 50-ஐயும் வெட்டி முடித்தபின் ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கு. 50-இல் உண்மையில் 10 பழுது. நீங்கள் 12-ஐ ஒதுக்கினீர்கள், அதில் 6 பழுது. தேறிய 38-இல் 4 பழுது. பிரிக்காமல் அனுப்பியிருந்தால் நூற்றுக்கு 20 பழுது, பிரித்தபின் நூற்றுக்குப் பத்தரை. இதற்கு நீங்கள் கொடுத்த விலை, ஒதுக்கப்பட்ட 6 நல்ல காய். இப்படி எழுதினால்தான் சோதனை உழைப்புக்கு ஈடா என்று தெரியும். ‘நூற்றுக்கு எண்பது சரியாகச் சொன்னேன்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். இதே 50 காயில் எதையுமே பார்க்காமல் எல்லாம் நல்லது என்று சொன்னவருக்கும் நூற்றுக்கு எண்பது சரிதான்.

11. எல்லைக்கோடு போடுவது

எந்த எண்ணுக்குக் கீழே ஒதுக்குவது என்பதை இந்த வழிகாட்டியிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் 50 காயிலிருந்து எடுங்கள். நல்ல காய்களின் எண்களை ஒரு நிறத்திலும், பழுதானவற்றை இன்னொரு நிறத்திலும் ஒரே கோட்டில் குறியுங்கள். இரண்டு நிறமும் முழுக்கக் கலந்து கிடந்தால் அந்தச் சோதனை அந்தப் பழுதுக்கு உதவாது, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிரிந்து நின்றால், எந்தத் தவறு உங்களுக்கு அதிகச் செலவு என்று பாருங்கள். தொலைதூரக் கடைக்குப் பெட்டி போகிறது, திரும்பி வந்தால் வண்டிவாடகையும் போகும் என்றால் கோட்டை நல்ல காய்ப் பக்கமாகத் தள்ளுங்கள். உள்ளூர்ச் சந்தையில் கூறு கட்டி விற்பதென்றால் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

ரகம் மாறினால், தோப்பு மாறினால், நல்ல மழை பெய்து காய் நீர் கோத்தால், கோட்டை மறுபடி போடுங்கள். அதற்கு இன்னொரு 50 காய் வேண்டியதில்லை. 20 காயை வெட்டி, பழைய கோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். பொருந்தாவிட்டால் முழு 50-க்குப் போங்கள். வெட்டிய காயை வீணாக்க வேண்டாம். வண்டுக் கொட்டையை எடுத்துவிட்டால் சதை அன்றைக்கே வற்றலுக்கோ ஊறுகாய்க்கோ போகும்.